தோடி காந்தாரம் ஆடணும்: பத்துக்குப் பத்து ரூம்ல சிந்த் ஸ்டூடியோ போட்ட பதிவு

வீட்ல எலக்ட்ரானிக் மியூசிக் செட்டப் போடணும்னு கெளம்பினா கண்ணு முதல்ல போறது பெரிய பாலி சிந்த் மேலதான், அதாவது ஒரே நேரத்துல பல சுரம் பாடுற சிந்தசைசர் மேல, வீடியோல யாரோ நாலு விரல்ல ஒரு கார்டு (chord, பல சுரம் ஒண்ணா) அழுத்துவாங்க, நீளமா பின்னணில நிக்கிற பேட் (pad) சவுண்டு பரவும், உடனே வாங்கணும்னு கை அரிக்கும். நான் ஒரே ஒரு கேள்விய வச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு பொருளையும் பாத்தேன். இதுல தோடி ராகத்தோட காந்தாரத்த, அதாவது அந்த 'க' சுரத்த, ஆட்ட முடியுமா? இந்த ஒரு கேள்விலயே கடைல இருக்குற பாதி மெஷின் கழண்டுரும், மிச்சம் இருக்கறதுல எது நமக்குன்னு தெளிவாயிரும்.

எனக்கு டெக்னோவும் பிடிக்கும், கச்சேரியும் பிடிக்கும், ரெண்டையும் ஒரே ரூம்ல உக்காந்து பண்ணணும். ரூம் சென்னைல மாடில இருக்கு, பத்தடிக்குப் பத்தடி, செங்கல் சுவரு, மேல கான்கிரீட், ஒரு ஜன்னல், ஒரு ஃபேன். சிந்த் தேடுற மத்தவங்களுக்கும் உதவும்னு எது ஏன் எடுத்தேன், எப்படி வயர் போட்டேன்னு விவரமா எழுதுறேன்.

காசு போடறதுக்கு முன்னாடி கொஞ்ச மாசம் சாஃப்ட்வேர்ல மட்டும் வேலை பாத்தேன், இதத்தான் யாரு கேட்டாலும் முதல்ல சொல்வேன். சர்ஜ் எக்ஸ்டிங்கற சாஃப்ட்வேர் சிந்த் முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், அதுல ஸ்காலா ஃபைல் (சுர இடைவெளிகள எழுதி வைக்கிற ஃபைல்) போட்டு நம்ம இஷ்டத்துக்கு சுருதி மாத்தலாம். டெக்ஸ்ட் (Dexed) னு ஒண்ணு இருக்கு, யமஹாவோட பழைய டிஎக்ஸ்7 சிந்தோட அச்சு அசல் மாடல், அதுவும் இலவசம். வைட்டல்னு இன்னொரு சிந்த், அதுல இலவச வெர்ஷனே போதும். இதெல்லாம் ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஓட்டுனா 60 நாள் ட்ரையல் கிடைக்குது, சாதாரண யுஎஸ்பி கீபோர்டு ஒண்ணு போதும். இப்படி வாசிச்சு வாசிச்சு பழைய ப்ராஜெக்ட் எல்லாம் தெறந்து பாத்தா ஒரு விஷயம் பளிச்சுனு தெரிஞ்சுது, நான் திரும்பத் திரும்பப் போறது நாலே சவுண்டுக்குத்தான்: ஒத்தக் குரல்ல பாடுற ஒரு லீடு, கீழ நிக்கிற ஒரு சுருதி, ஜால்ரா மாதிரி கணகணன்னு ஒரு உலோகச் சத்தம், அப்புறம் தாளம். கார்டு போட்ட இடம் ரொம்பக் கம்மி, போட்ட இடத்துலயும் சாஃப்ட்வேரே நல்லா இருந்துச்சு. அதோட பாலி சிந்த் லிஸ்ட்ல இருந்து போயிருச்சு, செலவுல பெரிய பங்கும் கூடவே போயிருச்சு.

இனி அந்த லீடுக்கான மோனோ சிந்த், அதாவது ஒரு நேரத்துல ஒரே சுரம் பாடுறது. இங்கதான் நான் ரொம்ப மெனக்கெட்டேன்.

தோடில ச ரி1 க2 ம1 ன்னு போகும். 1 கட்டைல, அதாவது சி ய ஷட்ஜமா வச்சா, காந்தாரம் ஈ ஃப்ளாட், ரிஷபம் டி ஃப்ளாட், மத்யமம் எஃப். இந்த காந்தாரம் ஒரே இடத்துல நிக்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கும். இப்ப கணக்கு போட்டுப் பாருங்க, ஈ ஃப்ளாட்டுல இருந்து மேல எஃப் ரெண்டு செமிடோன் (அரைக்கட்டை), கீழ டி ஃப்ளாட் ரெண்டு செமிடோன். சுரத்த மேலயும் கீழயும் வளைக்கிற பிட்ச் பெண்ட் வீலோட வழக்கமான ரேஞ்சும் மேல ரெண்டு, கீழ ரெண்டுதான்! ஃபேக்டரி செட்டிங்க மாத்தாமலே வீல முழுசா தள்ளி இழுத்தா அந்த காந்தாரத்தோட எல்லை ரெண்டும் சரியா வந்து நிக்குது. இத நான் கையால செஞ்சு கேட்ட நாள்ல இருந்து, நல்ல பெண்ட் வீல் இல்லாத சிந்த் எனக்கு வேண்டாம்னு முடிவாயிருச்சு.

வீல் இருந்தா மட்டும் போதாது. மிடி (MIDI) ங்கறது கருவிங்க ஒண்ணோட ஒண்ணு பேசுற முறை, அதுல பிட்ச் பெண்ட் 14 பிட், மொத்தம் 16384 படி, அவ்வளவு நுணுக்கமா போனா காதுக்கு வழுவழுன்னு இருக்கும். ஆனா சில மலிவு கீபோர்டுங்க உள்ளுக்குள்ள 128 படிலதான் அனுப்புது, நாலு செமிடோன 128ஆ வெட்டுனா ஒரு படிக்கு மூணு சென்ட் (ஒரு செமிடோன்ல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்) மேல வருது, மெதுவா ஆட்டுனா படிக்கட்டு தெரியும். இத செக் பண்றது சுலபம், மிடி மானிட்டர் ஒண்ணப் போட்டுட்டு வீல மெதுவா நகத்தி வர்ற நம்பரப் பாருங்க, ஒவ்வொண்ணா வருதா இல்ல தாவித் தாவி வருதான்னு தெரிஞ்சுரும். தொடுற பட்டை வச்ச சிந்த் எல்லாமும் வாசிச்சுப் பாத்தேன், ஆர்டூரியா மைக்ரோஃப்ரீக்ல அப்படித்தான் இருக்கு, சவுண்டு அருமை, அலைய உண்டாக்குற டிஜிட்டல் ஆசிலேட்டர் மேல அத வடிகட்டுற அனலாக் ஃபில்டர், ஆனா விரலுக்கு எதிர்ப்பு குடுக்குற ஸ்பிரிங் இல்லாததால நடு சுரத்துக்குத் திரும்பி வர்றது என் கைக்குப் பழகல.

அடுத்து கிளைடும் லெகாட்டோவும். ஒரு கீய விடாம அடுத்த கீய அழுத்துனா சுரம் வழுக்கிப் போகணும், ஆனா சத்தம் எழுந்து அடங்கற விதத்தத் தீர்மானிக்கிற என்வலப் மறுபடி முதல்ல இருந்து அடிக்கக் கூடாது. இதுக்கு சிங்கிள் ட்ரிகர்னு பேரு. மல்டி ட்ரிகர்ல ஒவ்வொரு சுரத்துக்கும் டக்கு டக்குன்னு ஆரம்பம் கேக்கும், ஜாரு (வழுக்கிப் போற கமகம்) ஜாருவா தெரியாது. அப்புறம் எந்த கீ ஜெயிக்கும்ங்கற விஷயம். 1970ல வந்த மினிமூக்ல ரெண்டு கீ ஒண்ணா அழுத்துனா கீழ் சுரம்தான் பாடும். கடைசியா அழுத்துன சுரம் பாடுற சிந்த்ல, ஒரு சுரத்தப் பிடிச்சுக்கிட்டே மேல் சுரத்தையும் கீழ் சுரத்தையும் தட்டித் தட்டி விடலாம், ரெண்டு பக்கமும் கமகம் விரலுக்கு வரும். வாங்குறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் கடைல நின்னு வாசிச்சுப் பாருங்க, ஸ்பெக் பேப்பர்ல பல நேரம் இது இருக்காது.

ரோலண்டோட டிபி-303 பேஸ் மெஷினோட வழுக்கலும் மனசுல இருந்துச்சு. 1982லயே மும்பைல சரண்ஜித் சிங் ஜூபிடர்-8 சிந்த், டிபி-303, டிஆர்-808 ட்ரம் மெஷின் மூணையும் வச்சு ராகங்கள டிஸ்கோ தாளத்துல ரெக்கார்ட் பண்ணிருக்காரு, அதக் கேட்டா அந்தக் குட்டி பேஸ் மெஷின் ராகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். இப்ப பெஹ்ரிங்கர் டிடி-3 அத மலிவுல தருது. ஆனா அதுல ஸ்லைடு, சுரங்கள வரிசையா பதிச்சு ஓட்டுற சீக்வென்சருக்குள்ள இருக்கு, எவ்ளோ நேரத்துல வழுக்கணும்ங்கறது நம்ம கைல இல்ல. ஆசிட் பேஸ்லைனுக்கு அது போதும், ஆலாபனைக்கு ஆகாது.

கடைசில நோவேஷன் பேஸ் ஸ்டேஷன் 2 செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். 2013ல வந்த மாடல், ரெண்டு ஆசிலேட்டர், கூட கீழ் ஸ்தாயில ஒரு சப் ஆசிலேட்டர், 25 முழு சைஸ் கீ, ஆஃப்டர்டச் (கீய அழுத்துன பிறகும் அழுத்தத்த உணர்றது), நிஜமான வீல் ரெண்டு, அஞ்சு பின் மிடி. பின்னாடி வந்த ஃபர்ம்வேர்ல மைக்ரோட்யூனிங்கும், அதாவது ஒவ்வொரு சுரத்தையும் தனியா சுருதி சேக்குற வசதியும், சேத்துட்டாங்க. கோர்க் மோனோலாக்லயும் மைக்ரோட்யூனிங் இருக்கு, விலையும் தோதா இருந்துச்சு, ஆனா கீ சின்னது, என் விரலுக்கு இடம் பத்தல. உங்க கை சின்னதுன்னா தயங்காம மோனோலாக் பாருங்க.

சுருதிக்குத் தனியா எதுவும் வாங்கல, ஆனா அத சரியா சேக்குறதுல ஒரு சுகம் இருக்கு, சொல்லியே ஆகணும். ரெண்டு ஆசிலேட்டர்ல ஒண்ணு ஷட்ஜமம், இன்னொண்ணு பஞ்சமம். கீபோர்டோட பஞ்சமம் 700 சென்ட், தம்புராவுல காதால சேக்குற பஞ்சமம் 702 சென்ட். ரெண்டு சென்ட்தான வித்தியாசம்னு விடத் தோணும். 1 கட்டைல நடு ஷட்ஜமம் 261.6 ஹெர்ட்ஸ், அதோட மூணாவது ஹார்மோனிக்கும் (அதிர்வெண்ணோட மூணு மடங்குல கேக்குற உபசுரம்) கீபோர்டு பஞ்சமத்தோட ரெண்டாவது ஹார்மோனிக்கும் ஒண்ணோட ஒண்ணு மோதி செகண்டுக்கு ஏறக்குறைய ஒரு தடவை அலையடிக்கும். ஹார்மோனிக் நெறைய இருக்குற சா டூத் அலைய வச்சு ஃபில்டரத் தெறந்துட்டு ஃபைன் ட்யூன் நாப துளித்துளியா திருப்பிக்கிட்டே போனா அந்த அலை மெதுவாகி, மெதுவாகி, ஒரு இடத்துல நின்னுரும். அங்க ரெண்டு சுரமும் ஒண்ணாக் கலந்துரும். அந்தர காந்தாரத்துல இன்னும் பெருசா கேக்கும், கீபோர்டுல 400 சென்ட், சுத்தமா சேத்தா 386, இந்த 14 சென்ட் வித்தியாசத்துக்கு செகண்டுக்குப் பத்து தடவை படபடக்கும். அதனாலதான் எலக்ட்ரானிக் ட்ராக் மேல யாராவது அந்தர காந்தாரத்த ஆட்டாம நீட்டிப் பிடிச்சா கீழ இருக்குற பேட் கூட ஒட்டாம நிக்குது. நான் சர்ஜ்ல ஒரு ஸ்காலா ஃபைல் எழுதி வச்சிருக்கேன், பேட் எல்லாம் அதுலதான் ஓடும், பேஸ் ஸ்டேஷன்லயும் அதே அளவுல ஒரு ட்யூனிங் டேபிள்.

உலோகச் சத்தத்துக்கு எஃப்எம்ம விட்டா வேற வழி இல்ல, அதாவது ஒரு அலைய (மாடுலேட்டர்) வச்சு இன்னொரு அலையோட (கேரியர்) அதிர்வெண்ண ஆட்டுற முறை. ஸ்டான்ஃபோர்டுல ஜான் சௌனிங் 1967ல கண்டுபிடிச்சு யமஹாவுக்கு லைசென்ஸ் ஆகி, 1983ல டிஎக்ஸ்7 ஆ வந்த முறை, ஆறு ஆபரேட்டர் (அலை உண்டாக்குற அலகு), அதுங்கள இணைக்க 32 அல்காரிதம். பழைய டிஎக்ஸ்7 ரூம்ல பாதி டேபிள எடுத்துக்கும், அதனால கோர்க் வோல்கா எஃப்எம் எடுத்தேன், அதே ஆறு ஆபரேட்டர், அதே 32 அல்காரிதம், டிஎக்ஸ்7 பேட்ச் அப்படியே ஏறும். 2016ல வந்த முதல் மாடல்ல மூணு குரல்தான், மிடி வழியா வர்ற வெலாசிட்டிய (கீய எவ்ளோ ஓங்கி அடிச்சோம்ங்கற அளவு) அது கண்டுக்காது. எஃப்எம்2 ல ஆறு குரல், வெலாசிட்டியும் எடுக்கும். எஃப்எம்ல வெலாசிட்டி சத்தத்த மட்டும் மாத்தறதில்ல, ஓங்கி அடிச்சா சவுண்டே பிரகாசமாயிரும், மெதுவா தட்டுனா மங்கிரும், அந்த உயிர் வேணும்னா ரெண்டாவது மாடலே எடுங்க. ஜால்ராவுக்கு நான் வச்சது கேரியர் 1, மாடுலேட்டர் 3.5 பக்கம், இன்னொரு ஜோடி 1க்கு 1.41, மாடுலேட்டரோட டிகே (அடங்கற நேரம்) வேகமா, கேரியரோடது நீளமா. முழு எண் ரேஷியோ வச்சா இனிமையா ஆர்கன் மாதிரி ஆயிரும், கணீர்னு வரணும்னா பின்னத்துல போகணும்.

தாளத்துக்கு, பதிஞ்ச சத்தங்கள வரிசைல ஓட்டுற வோல்கா சாம்பிள் 2. பத்து பார்ட், 16 ஸ்டெப். மிருதங்கத்தோட தொப்பி, வலந்தலை, கூட ஒரு 808 கிக் எல்லாம் சின்னச் சின்னதா வெட்டி ஏத்துனேன். ஆதி தாளம் 16 ஸ்டெப்ல ஜம்முனு உக்காரும். மிஸ்ர சாபுக்கு, எந்த ஸ்டெப் ஓடணும்னு தேர்ந்தெடுக்குற ஆக்டிவ் ஸ்டெப்ல போயி கடைசி ரெண்டு ஸ்டெப்ப அணைச்சா 14, அதாவது ரெண்டு ஏழு. கண்ட சாபுக்குப் பத்து ஸ்டெப் விட்டா போதும். ஆனா ஆக்டிவ் ஸ்டெப் எல்லா பார்ட்டுக்கும் பொதுவானது, கிக் எட்டுலயும் மிருதங்கம் ஏழுலயும் ஓடணும்னா ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனி நீளம் வைக்கிற மெஷின் வேணும், எலெக்ட்ரான் டிஜிடாக்ட் அதச் செய்யும், விலைதான் கையக் கடிக்கும்.

நடைல, அதாவது ஒரு அக்ஷரத்த எத்தன மாத்திரையா பிரிக்கிறோம்ங்கறதுல, ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, நம்ம ஊர்ல மிடி வச்சு வேலை செய்யற எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும். மெஷின் எல்லாம் ஒரே வேகத்துல ஓட அனுப்புற மிடி க்ளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. சதுஸ்ரத்துக்கு 24ஐ நாலால வகுத்தா 6, திஸ்ரத்துக்கு மூணால வகுத்தா 8, சரியா விழும். கண்டத்துக்கு அஞ்சால வகுத்தா 4.8, மிஸ்ரத்துக்கு ஏழால வகுத்தா 3.43, எங்கயும் துடிப்பு மேல விழாது. க்ளாக்ல ஓடுற மெஷின் துடிப்புகளுக்கு நடுவுல தானா கணக்குப் போட்டாத்தான் உண்டு. நான் செய்யற வழி வேற, மெஷினோட பீட்டத் தாளத்தோட அக்ஷரமா எடுத்துக்காம, மெஷினோட ஒரு ஸ்டெப்ப ஒரு மாத்திரையா எடுத்துக்குவேன். அக்ஷரம் நிமிஷத்துக்கு 60, கண்ட நடைன்னா மாத்திரை நிமிஷத்துக்கு 300, மெஷின்ல பீட்டுக்கு நாலு ஸ்டெப், 300ஐ நாலால வகுத்தா 75. டெம்போ 75னு வச்சுட்டு அஞ்சு ஸ்டெப்புக்கு ஒருக்க தட்டு விழற மாதிரி எழுதிட்டா எல்லாமே துடிப்பு மேல கச்சிதமா விழுது. மிஸ்ர நடைன்னா 105. ஸ்க்ரீன்ல பார் லைன் எல்லாம் கன்னாபின்னான்னு தெரியும், காதுக்கு சரியா இருக்கும்.

இப்ப வயரிங். மிடிங்கறது 1983ல NAMM இசைக் கருவிக் கண்காட்சில ஒரு ப்ராஃபெட்-600 சிந்தையும் ஒரு ஜூபிடர்-6 சிந்தையும் சேத்துக் காட்டுனதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் அதே அஞ்சு பின், அதே வேகத்துல ஓடுது, செகண்டுக்கு 31250 பிட். வோல்காவுல, வந்த சிக்னல அப்படியே அடுத்த மெஷினுக்கு அனுப்புற மிடி த்ரூ கிடையாது, அதனால ஒரு அவுட்ட நாலாப் பிரிக்க த்ரூ பாக்ஸ் வேணும். இத நானே செஞ்சேன், ரிச்சி ஸ்ட்ரீட்ல எல்லாப் பொருளும் கிடைக்கும், சால்டரிங் தெரிஞ்ச யாரும் ஒரு சாயங்காலத்துல முடிக்கலாம்.

6என்138 ஆப்டோ (சிக்னல ஒளியா மாத்திக் கடத்துற சிப்) ஒண்ணு, 74எச்சி14 ஐசி ஒண்ணு, 220 ஓம் ரெசிஸ்டர் கொஞ்சம், 1என்4148 டயோடு, 1 கே ஒண்ணு, 10 கே ஒண்ணு, 104னு போட்ட செராமிக் கெபாசிட்டர் ரெண்டு, அஞ்சு பின் டின் சாக்கெட் அஞ்சு. உள்ள வர்ற சாக்கெட்டோட 4ஆம் பின்னுல இருந்து 220 ஓம் வழியா ஆப்டோவோட 2ஆம் காலு, 5ஆம் பின்னு நேரா 3ஆம் காலு, அந்த ரெண்டு காலுக்கும் குறுக்க டயோடு, திசை தலைகீழா, மாத்திக் குத்துனாலும் ஆப்டோ எரியாது. 8ஆம் காலுக்கு 5 வோல்ட், 5ஆம் காலு கிரவுண்டு, 6ஆம் காலுதான் அவுட்புட், அதுல இருந்து 5 வோல்ட்டுக்கு 1 கே. அப்புறம் 7ஆம் காலுல இருந்து கிரவுண்டுக்கு 10 கே. பல படத்துல இந்த 10 கே இருக்காது. ப்ரெட்போர்டுல அது இல்லாமலும் ஓட்டிப் பாத்தேன், ஒத்த நோட் நல்லா போச்சு, க்ளாக்கும் பெண்டும் சேந்து ஓடுனப்ப கீய விட்டும் நோட் நிக்காம தொங்க ஆரம்பிச்சுது, 10 கே போட்டதும் எவ்வளவு திணிச்சாலும் சுத்தமா போச்சு. ஆப்டோ சீக்கிரம் அணையறதுக்கு அந்த ரெசிஸ்டர்தான் வழி விடுது.

6ஆம் காலு 74எச்சி14 ஓட முதல் கேட்டுக்கு, அதோட அவுட்புட் மத்த நாலு கேட்டுக்கும். ஒருக்க புரண்டு மறுபடி புரள்றதால சிக்னல் நேராயிரும். ஒவ்வொரு கேட்டும் 220 ஓம் வழியா ஒரு அவுட் சாக்கெட்டோட 5ஆம் பின்னுக்கு, 5 வோல்ட் இன்னொரு 220 வழியா 4ஆம் பின்னுக்கு. மிச்சம் இருக்குற ஆறாவது கேட்டோட இன்புட்ட சும்மா விடாம கிரவுண்டுல கட்டிருங்க. நடுவுல இருக்குற 2ஆம் பின்னு அவுட் சாக்கெட்டுல மட்டும் கிரவுண்டுக்குப் போகணும், இன் சாக்கெட்டுல எதுவும் சேக்கக் கூடாது. ஆப்டோ வச்சு ரெண்டு கருவிய மின்சாரமா பிரிச்சுட்டு அந்த ஒரு வயர்ல திரும்பவும் சேத்துட்டா அவ்வளவு வேலையும் வீண். சாக்கெட்டுல பின்னோட வரிசை 1, 4, 2, 5, 3 ன்னு இருக்கும், சால்டர் பக்கம் பாத்தா கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி இருக்கும், மல்டிமீட்டர்ல பீப் வச்சு கேபிளோட சேத்து செக் பண்ணிட்டு அப்புறம் பவர் குடுங்க.

குட்டி 3.5 மிமீ ஜாக்குல மிடி வர்ற மெஷின் வாங்குனா டைப் ஏ, டைப் பி ன்னு ரெண்டு விதம் உண்டு, 2018ல ஏ தான்னு ஸ்டாண்டர்டு ஆச்சு, ஆனா அதுக்கு முந்தி வந்த ஆர்டூரியா, நோவேஷன் கருவிங்க பல பி தான். அடாப்டர் வாங்கும்போது கேட்டு வாங்குங்க.

ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு என் கணக்கு சிம்பிள். பேஸ் ஸ்டேஷனுக்கு ஒரு லைன், வோல்கா எஃப்எம்முக்கு ஒண்ணு, தாளத்துக்கு ரெண்டு, மொத்தம் நாலு இன்புட். கூடவே அஞ்சு பின் மிடி. பெஹ்ரிங்கர் யுஎம்சி404எச்டில நாலு இன்புட்டும் மிடி இன் அவுட்டும் இருக்கு, அது போதும்னு எடுத்தேன். ரெண்டு இன்புட் பெட்டி வாங்கிட்டு ஒவ்வொரு தடவையும் கேபிள் மாத்திக்கிட்டே இருந்தா வாசிக்கிற மனசே போயிரும். பஃபர் (ஒரு தடவைல கையாள்ற ஆடியோ அளவு) 128 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ்ல வச்சா ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட், கமகம் வாசிக்கும்போது விரலுக்கும் காதுக்கும் இடைவெளி தெரியல. லெவல் -12 டெசிபல் பக்கம் உச்சம் தொடுற மாதிரி விட்டா போதும், 24 பிட்ல அதுக்கு மேல தள்ள எந்த அவசியமும் இல்ல.

எல்லாத்தையும் மாட்டுனதும் ஸ்பீக்கர்ல ங்ங்ங்ன்னு ஒரு சத்தம். இதத் துரத்துன விதத்த வரிசையா சொல்றேன், பெரும்பாலான வீட்டு ஸ்டூடியோல இதேதான் இருக்கும். முதல்ல சத்தத்தோட குணத்தப் பிடிக்கணும். தடிமனா, அடில உறுமுனா அது கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸும் 100 ஹெர்ட்ஸும். கீச்சுன்னு மெல்லிசா, மவுச நகத்தும்போது மாறுனா அது லேப்டாப்புக்குள்ள இருந்து யுஎஸ்பி வழியா வருது. என்னோடது ரெண்டாவது வகை. லேப்டாப் சார்ஜரக் கழட்டுனதும் குறைஞ்சுது, சிந்தோட யுஎஸ்பிய உருவுனதும் முழுசா நின்னுது. காரணம் இதுதான், சிந்த் யுஎஸ்பில லேப்டாப்போட சேந்திருக்கு, ஆடியோ கேபிள்ல இன்டர்ஃபேஸோட சேந்திருக்கு, இன்டர்ஃபேஸ் யுஎஸ்பில அதே லேப்டாப்போட, ஆக கிரவுண்டு ஒரு வட்டமா சுத்துது. யுஎஸ்பிய விட்டுட்டு இன்டர்ஃபேஸோட அஞ்சு பின் மிடிலயே எல்லாத்தையும் ஓட்டுனேன், அங்க ஆப்டோ இருக்கறதால வட்டம் அறுந்துருச்சு, சத்தமும் போச்சு. யுஎஸ்பி கட்டாயம் வேணும்ங்கற மெஷினுக்கு யுஎஸ்பி ஐசோலேட்டர் இருக்கு, 12 மெகாபிட் வகையே மிடிக்குத் தாராளம், ஆனா அத இன்டர்ஃபேஸுக்குப் போட்டா பல சேனல் ஆடியோவுக்குப் பத்தாது.

இதுல ஒண்ணு ரொம்ப அழுத்திச் சொல்லணும். ஹம் போகுதுன்னு மூணு பின் ப்ளக்குல எர்த் பின்ன உடைக்கிறது, டேப் ஒட்டுறது, ரெண்டு பின் கன்வெர்ட்டர் போடுறது எதையும் செய்யாதீங்க. சத்தம் போகலாம், ஆனா ஏதாவது ஒரு கருவில லீக் ஆனா அந்த 230 வோல்ட் உங்க கை வழியா எர்த்தத் தேடும். முதல்ல எலக்ட்ரீஷியனக் கூட்டி எர்த் ஒழுங்கா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, எல்லா ஆடியோ கருவியையும் ஒரே ப்ளக் பாயிண்ட்டுல இருந்து எடுங்க, அதுக்கும் மேல ஹம் இருந்தா ஆடியோ லைன்ல கிரவுண்டப் பிரிக்கிற, ட்ரான்ஸ்ஃபார்மர் வச்ச டிஐ பாக்ஸ் போடுங்க.

ரூமுக்கு வருவோம். சதுர ரூம்தான் பேஸுக்கு மோசமான ரூம், நீளமும் அகலமும் ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒரே சுரத்துல ஒலிக்கும். பத்தடி 3.05 மீட்டர், சத்தத்தோட வேகத்த அதோட ரெண்டு மடங்கால வகுத்தா 56 ஹெர்ட்ஸ் பக்கம் வருது. 55 ஹெர்ட்ஸ் ஏ1 சுரம், 1 கட்டைக்கு அது சதுஸ்ருதி தைவதம். பேஸ் ஸ்டேஷன்ல சைன் அலைய வச்சு ஒவ்வொரு அரைக்கட்டையா கீழ இருந்து மேல வாசிச்சேன், பின் சுவத்துல தலைய சாச்சு நின்னா தைவதம் வந்ததும் சுவரே உறுமுது, ரூம் நடுவுல நின்னா அதே சுரம் காணவே காணோம். நடுவுல உக்காந்து மிக்ஸ் பண்ணா பேஸ் பத்தலன்னு ஏத்திக்கிட்டே போவோம், அந்தப் பாட்ட கார்ல கேட்டா கதவு அதிரும்.

அமெரிக்கக்காரங்க வீடியோ பாத்துட்டு நம்ம ரூம கணக்குப் போடக் கூடாது. அவங்க வீட்டு சுவரு ஜிப்சம் போர்டு, பேஸ் கொஞ்சம் வெளிய கசிஞ்சுரும். நம்ம செங்கல் சுவரு ஒட்டுமொத்தமா திருப்பி அனுப்பும். முட்டை அட்டை, தெர்மாகோல் எல்லாம் ஒட்டி பிரயோஜனமே இல்ல. நான் செஞ்சது, முன் சுவத்துல இருந்து 38 சதவீத தூரத்துல, அதாவது பத்தடில நாலடிக்குக் கொஞ்சம் குறைவா, காது வர்ற மாதிரி நாற்காலிய நகத்துனேன், அங்க 56உம் சரி, அதோட ரெட்டிப்பான 112உம் சரி, முழுசா செத்தும் போகல, பொங்கியும் வரல. அப்புறம் ரெண்டுக்கு நாலடி மரச் சட்டம், உள்ள நாலு அங்குலம் ராக்வுல், மேல பருத்தித் துணி, இப்படி செஞ்ச பேனல மூலைலயும் காதுக்கு நேரா ரெண்டு பக்கச் சுவத்துலயும் மாட்டுனேன். ராக்வுல வெட்டும்போது மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். நாலு அங்குலம் 56 ஹெர்ட்ஸப் பெருசா தின்னாது, அதுக்கு நாற்காலி இடம்தான் மருந்து, ஆனா நடு சுரங்கள்ல வந்த எதிரொலி போயி கமகத்தோட முனை எல்லாம் தெளிவா கேக்குது. ஸ்பீக்கர் அஞ்சு இன்ச் போதும், இந்த ரூம்ல எட்டு இன்ச் வச்சா அந்தத் தைவதத்துக்குத்தான் தீனி. ராத்திரிக்கு மூடுன வகை ஹெட்ஃபோன், ஃபேனும் ஓடலாம், சிந்த் எல்லாம் நேரா லைன்ல போறதால ரெக்கார்டிங்ல காத்து சத்தம் வராது.

பவர் விஷயம் சுருக்கமா. வோல்கா அடாப்டர் 9 வோல்ட், நடு பின் ப்ளஸ். கிட்டார் பெடல் அடாப்டரும் பெரும்பாலும் 9 வோல்ட், ஆனா நடு பின் மைனஸ். ரெண்டும் ஒரே டேபிள்ல இருந்தா கலர் டேப் ஒட்டிருங்க. இன்வெர்ட்டர் சைன் வேவா இருக்கட்டும், ஸ்கொயர் வேவ் வகைல ட்ரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் எல்லாம் பர்ருன்னு கத்தும். ஜப்பான்ல இருந்து வர்ற செகண்ட் ஹேண்ட் சிந்த் 100 வோல்ட், ஸ்டெப் டவுன் இல்லாம நம்ம ப்ளக்குல சொருகுனா அதோட கதை முடிஞ்சுது. 1984 ஜூனோ-106 மேல ஆசை இருக்கறவங்க ஆறு குரலையும் ஒவ்வொண்ணா கேட்டுட்டு வாங்குங்க, அதுல 80017ஏ வாய்ஸ் சிப் மேல பூசின ரெசின் வருஷம் போகப் போக சிப்பக் கெடுக்கும், குரல் வெடிக்கும் இல்ல செத்துரும், மாத்து சிப் கிடைக்குது, ஆனா அந்தச் செலவையும் விலைல சேத்துப் பேசணும். கடலோரத்துல இருக்குற நமக்கு உப்புக் காத்து வேற, வாசிக்காத நேரம் துணி போட்டு மூடி, பக்கத்துல சிலிக்கா ஜெல் பை வச்சா நாப் கரகரப்பு தள்ளிப் போகும்.

அடுத்து வாங்கணும்னு நெனைக்கிறது எம்பிஇ (MPE) கீபோர்டு. 2018ல மிடிக்குள்ள சேத்த முறை, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சேனல், ஒவ்வொரு சுரத்துக்கும் தனி பெண்ட், வழக்கமான ரேஞ்ச் 48 செமிடோன். ஏ.ஆர். ரகுமான் வாசிக்கிற ஹாக்கன் கன்டினியூம்ங்கற கருவில விரல் எங்க வேணா வழுக்கும், கீயே கிடையாது, அந்த அளவு காசு என்கிட்ட இல்ல. ஆனா சர்ஜ் இப்பவே எம்பிஇ எடுக்குது, அதனால மலிவான எம்பிஇ கீபோர்டு ஒண்ணு கைல வந்ததும் முதல்ல சுருதி மேல ரெண்டு குரல்ல, ஒண்ணு ஷட்ஜமத்துல நிக்க இன்னொண்ணு மட்டும் தோடி காந்தாரத்துல ஆடுதான்னு பாக்கணும். யாராவது ஏற்கனவே அப்படி வாசிக்கிறீங்கன்னா பெண்ட் ரேஞ்ச் எவ்ளோ வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, 48ல விரல் கொஞ்சம் நகந்தாலே சுரம் எங்கயோ போயிரும்னு எனக்கு ஒரு சந்தேகம், 12க்கு இறக்கி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.